பதினான்காம் எண் மாடிக்கு வந்த பதிவுத் தபால்

தபால்காரி எதைப் படித்தாலும் முதலில் கதவு எண்ணைத்தான் பார்ப்பாள். பேரெல்லாம் அப்புறம். பதினெட்டு வருஷமாகத் தினமும் காலையில் தபால் பிரிக்கிற மேசைக்கு முன்னால் நின்றவளுக்குக் கண் அப்படிப் பழகிப்போயிருந்தது. யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால், “யாரு, முப்பத்தொன்னு பின்கட்டா?” என்று கேட்பாள். ஆளின் முகம் நினைவுக்கு வராவிட்டாலும், அந்த வீட்டுக்கு எத்தனை படி, நாயைக் கட்டிப்போடுவார்களா அவிழ்த்து விடுவார்களா என்பது வந்துவிடும்.

அவள் புருஷன் பஸ் பணிமனையில் மெக்கானிக். “என்னை விலாசம் பார்த்துத்தான் கட்டிக்கிட்டா. எங்க வீடு அவ பீட்டுல இருந்துச்சு, அவ்வளவுதான்” என்று சொல்லிச் சிரிப்பான். பீட்டு என்றால் ஒரு தபால்காரர் தினமும் சுற்றிவருகிற தெருக்கள். அவன் சொன்னதில் பாதி உண்மை. பதினான்காம் எண் வீட்டு மாடிக்கு ஒரு நாள் பதிவுத் தபால் கொண்டுபோனாள். கதவைத் திறந்தவனுக்கு இரண்டு கையிலும் கிரீஸ். கையெழுத்துப் போட்டால் சீட்டு அழுக்காகிவிடும் என்று உள்ளே போனவன் கால்மணி நேரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தான். பதினாறு படி ஏறி வந்தவளை இப்படிக் காக்கவைத்தால் வேறொருத்தி வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள். இவள் அந்த மாடிக்கே மருமகளாகப் போனாள்.

அந்த வீட்டில் கீழே சலவைக்கடை, மேலே மாமியார். மாமியாருக்கு இரண்டு மகன்கள். மெக்கானிக் இளையவன். மூத்தவனுக்கு டைல்ஸ் கடை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் பெண்டாட்டிதான் தபால்காரிக்கு ஓர்ப்படி. கெட்டவள் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. சிரித்துத்தான் பேசுவாள். ஆனால் அந்தச் சிரிப்பு எதிரில் நிற்கிறவளைத் தாண்டி ஒரு சாண் தள்ளிப் போய் விழும். மாமியார் செத்த அன்றைக்கு டைல்ஸ் கடை வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அழுது முகம் வீங்கிப்போய்ச் சுவரோரம் நின்ற தபால்காரியைப் பார்த்து, இது யார் என்று ஒருவர் கேட்டார். “நம்ம தெருவுக்குத் தபால் குடுக்கிறவங்க” என்றாள் ஓர்ப்படி. சொல்லிவிட்டு அதே சிரிப்பு. தபால்காரி அதை மறந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

மாமியார் போனபின் மூத்தவன் மாடியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். தபால்காரியும் புருஷனும் மகளும் அதற்கு முன்பே மாடியை விட்டு வந்து அதே தெருவில் இருபத்திரண்டாம் எண்ணில் ஓரறையும் சமையலறையுமாகக் குடக்கூலிக்கு இருந்தார்கள். மாடியைக் கேட்டால் அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடும் என்று புருஷன் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால் உறவு ஒன்றும் தழைத்துவிடவும் இல்லை.

இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பெண். பதினோரு நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள். தபால்காரி மகளுக்கு எறும்பு என்று பேர் வைத்திருந்தார்கள். தன்னைவிடப் பெரிய பொருளை எப்போதும் தூக்கிக்கொண்டு போவாள், பாதி நேரம் அது புத்தகமாக இருக்கும். ஓர்ப்படி மகள் பொம்மை. அந்தப் பிள்ளை பார்க்கவும் அப்படித்தான், சுபாவமும் அப்படித்தான். எங்கே உட்காரவைத்தாலும் உட்கார்ந்திருக்கும்.

இனிப் பள்ளிக்கூட விஷயத்துக்கு வருவோம். அந்தத் தெருவின் ஒரு கோடியில் பெரிய பள்ளிக்கூடம், மறு கோடியில் மூலைப் பள்ளிக்கூடம். பெரிய பள்ளிக்கூடத்துக்குச் செங்கல் மதில், விளையாட்டு மைதானம், கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிய சோதனைக்கூடம். மூலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூடத்தைத் தட்டியால் நாலாகத் தடுத்திருப்பார்கள். ஒரு வகுப்பில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் கணக்கு நோட்டில் ராஜா பேரை எழுதிவைக்கும். இடம் பற்றாமல் காலையில் பாதிப் பேர், மத்தியானம் பாதிப் பேர்.

பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு நூற்றிருபது இடம். பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள். அதில் நாற்பது இடம் சுற்றியுள்ள ஏழு தெருப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அதற்கும் பரீட்சையில் தேற வேண்டும். இரண்டு வருஷமாவது அந்தத் தெருவில் குடியிருக்க வேண்டும். குடியிருந்ததற்கு அத்தாட்சியாக அந்த விலாசத்துக்கு வந்த தபால் உறைகளை முத்திரையோடு காட்ட வேண்டும்.

சலவைக்கடையில் துணி வாங்க வருகிற பெற்றோர்களுக்கு வருஷா வருஷம் இதே பேச்சு. முடிதிருத்துகிறவர், இந்தப் பரீட்சையே ஒரு சல்லடை, தனியாக வாத்தியார் வைத்துப் படிக்கிற பிள்ளையைத்தான் அது மேலே நிறுத்தும் என்பார். ஆஸ்பத்திரி நர்சம்மா ஒத்துக்கொள்ளமாட்டார்; பரீட்சை இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் உள்ளே நுழையவே முடியாது, சிபாரிசுக்கு நம்மிடம் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். தையல்காரிக்கு இரட்டைப் பிள்ளைகள். போன வருஷம் ஒன்று தேறியது, ஒன்று தவறியது. ஒரே வயிற்றில் கிடந்ததுகளை ஒரு பரீட்சை பிரிக்கிறதா என்று இரண்டையும் மூலைப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டாள். அதிலிருந்து பெரிய பள்ளிக்கூட மதில் பக்கமே நடக்கமாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள். எல்லாரும் பேசி முடித்ததும் சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, “அந்த மதிலுக்கு ஆன செங்கல்ல இங்க நாலு ரூம் கட்டியிருக்கலாம்” என்பார். அதோடு பேச்சு நிற்கும். மறுபடி அடுத்த வருஷம்.

தபால்காரி இந்தப் பேச்சில் கலந்துகொள்ளமாட்டாள். அவளுக்கு எறும்பு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். காலையில் தபால் பையை மாட்டிக்கொண்டு அந்த மதிலோரம் சைக்கிளில் போகும்போது உள்ளே மணி அடித்தால், அவள் தன் சைக்கிள் மணியைப் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டுவாள்.

எறும்பும் பொம்மையும் அந்தப் பரீட்சை எழுதுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள் ஓர்ப்படி ஒரு கூடை ஆப்பிளோடு இருபத்திரண்டாம் எண்ணுக்கு வந்தாள். அந்த வீட்டுக்கு அவள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மாடி விலாசத்துக்கு இனிமேல் பாங்க், போன் கம்பெனி, இன்சூரன்சு என்று சில தபால் வரும். பூட்டின வீட்டில் போட்டால் புறா கிழித்துவிடும். நீ எடுத்துவந்து உன் வீட்டில் வைத்துவிடு, நான் வாரம் ஒருமுறை வாங்கிக்கொள்கிறேன் என்றாள். தபால்காரி காரணம் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஓர்ப்படி தன்னிடம் ஒன்றைக் கேட்கிறாளே என்று மனசு குளிர்ந்துபோயிற்று. அலமாரியில் சட்டைத்துணியை ஒதுக்கி, அதற்கென்று ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தாள். செய்யக்கூடாத காரியம்தான். விலாசத்தில் இல்லாதவருக்குத் தபாலை வேறிடத்தில் வைத்துக் கொடுப்பது தபாலாபீசில் பெரிய குற்றம். உறவுக்காரிதானே என்று செய்தாள்.

வாரா வாரம் சனிக்கிழமை கார் வந்து நின்று ஹாரன் அடிக்கும். ஓர்ப்படி இறங்கமாட்டாள். தபால்காரி கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். ஆப்பிள் அந்த முதல் தடவையோடு சரி.

பரீட்சை முடிந்து பட்டியல் ஒட்டிய அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் தலைக்கு மேல் தலை. எல்லாரும் பிள்ளையின் பேரைத் தேடினார்கள். தபால்காரி வழக்கம்போல், பேருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த தெருவையும் கதவு எண்ணையும் தேடினாள். உள்ளூர்ப் பிள்ளைகள் நாற்பது பேர் பட்டியலில் இருபத்திரண்டைக் காணோம். கீழே காத்திருப்போர் என்று கோடு போட்டு எழுதியிருந்ததில் முதல் வரி: எண் 22. எறும்பு நாற்பத்தொன்று. ஒரே ஒரு இடம்.

சரி, யாரோ நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மேலே ஏற்றினாள். நாற்பதாவது வரி: எண் 14, மாடி.

பேர் படிக்கத் தேவையே இல்லை. அந்த மாடியில் புறாக்கள்தான் குடியிருந்தன. அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. பாங்க், போன், இன்சூரன்சு. இரண்டு வருஷம். முத்திரையோடு உறை. அத்தனையும் இவள் கையால் எடுத்து, இவள் அலமாரியில் பத்திரமாக வைத்து, இவளே ஓடிப்போய் ஜன்னலில் நீட்டியது. இவள் பெற்ற பெண்ணின் கண்ணை இவள் விரலாலேயே குத்த வைத்திருக்கிறாள் ஓர்ப்படி.

அன்றைக்கு மிச்சத் தபாலைக் கொடுத்து முடித்துவிட்டு, சீருடையோடு பாலத்தைத் தாண்டிப் போனாள். ஓர்ப்படி கூடத்தில் உட்கார்ந்து புது நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, பொம்மை பேரும் பெரிய பள்ளிக்கூடம் பேரும் அழகாக எழுதியாகிவிட்டது. தரை அப்படிப் பளபளத்தது. தபால்காரி குனிந்தால் தன் செருப்பின் அடியே தெரியும் போலிருந்தது. உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

“அக்கா, மாடியில யாரு குடியிருக்காங்க?”

“நாங்கதான்” என்றாள் ஓர்ப்படி, தலையைத் தூக்காமல்.

“நீங்க இங்கல்ல இருக்கீங்க.”

“இங்கயும் இருக்கோம், அங்கயும் இருக்கோம். ரெண்டு வீடு உள்ளவங்க ரெண்டுலயும் இருக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

எறும்பு நாற்பத்தொன்றாவதாக நிற்கிறாள் என்று தபால்காரி சொன்னாள். பொம்மைக்கு வேறு எந்தப் பள்ளிக்கூடமும் கிடைக்கும், கார் இருக்கிறது, வசதி இருக்கிறது, எறும்புக்கு இதை விட்டால் தட்டிக்கூடம்தான் என்று சொன்னாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். ஓர்ப்படி அட்டையின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே, “அவளுக்கென்ன, மூலைப் பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கு. பாடம் எங்க படிச்சாலும் பாடந்தானே” என்றாள்.

“நான் பள்ளிக்கூடத்துல போய்ச் சொன்னா?”

அப்போதுதான் ஓர்ப்படி நிமிர்ந்து பார்த்தாள். “சொல்லேன். ரெண்டு வருஷமா அந்த விலாசத்துத் தபாலை யாரு குடுத்தாங்கன்னு கேப்பாங்க. பூட்டின வீட்டுல எப்படிம்மா குடுத்தேன்னு கேப்பாங்க. வேலை இருக்குமா உனக்கு? தபால் குடுக்கிறவங்க தபாலை மட்டும் குடுத்தாப் போதும்.”

உள்ளேயிருந்து பொம்மை ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தது. “சித்தி, எறும்பும் என்கூட வருவாளா?” என்று கேட்டது. அம்மாக்காரி அதை உள்ளே போகச் சொன்னாள். தபால்காரி தண்ணீரைக் குடித்தாள், தம்ளரைக் கீழே வைத்தாள், வந்துவிட்டாள்.

பாலத்தின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். அழுகை வரவில்லை. ஓர்ப்படி கடைசியாகச் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்தாள். தபாலை மட்டும் குடுத்தாப் போதும். பாலம் இறங்குகிற இடத்தில் அவளுக்கு அது உறைத்தது. சரி. இனிமேல் தபாலை மட்டும் கொடுக்கிறேன் என்று சைக்கிளில் ஏறினாள்.

ஏனென்றால் அவளுக்கு ஒன்று தெரியும். தேறின பிள்ளைகளுக்குச் சேர்க்கைக் கடிதம் பதிவுத் தபாலில்தான் வரும். முன்பு கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் ஒரு பிள்ளையின் விலாசத்தைத் தேடிப் போனால் அது பெட்ரோல் பங்க். அதிலிருந்து இந்த ஏற்பாடு. விலாசத்தில் இருக்கிற பெற்றோர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். கடிதம் ஆளில்லை என்று திரும்பி வந்தால், இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அந்த ஏழு தெருவுக்கும் தபால்காரி ஒருத்திதான்.

புருஷன் விஷயத்தைக் கேட்டுப் பயந்தான். பொம்மை என்ன பாவம் செய்தது, அண்ணன் முகத்தில் நான் எப்படி விழிப்பது என்றான். “கண்ணை மூடிக்குங்க. இத்தனை வருஷமா அதானே பழக்கம்” என்றாள். எறும்பு அந்தப் பக்கம் திரும்பி எதையோ படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஹாரன் கேட்டதும் தபால்காரி ஓடவில்லை, நடந்து போனாள். பள்ளிக்கூடத்துக் கடிதம் வருமே, அதையும் எடுத்து வை என்றாள் ஓர்ப்படி. அன்றைக்குப் பேசின பேச்சை இவள் விழுங்கிவிட்டாள் என்று அவள் நினைப்பு.

“பதிவுத் தபால் வந்தா, எந்த வாசல் எழுதியிருக்கோ அந்த வாசல்ல கொண்டுபோய்க் குடுப்பேன் அக்கா. ஒரு அடி தள்ளிப் போகாது” என்றாள் தபால்காரி.

“அதானே உன் வேலை” என்று சொல்லி ஓர்ப்படி கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். எச்சரிக்கையைச் சத்தியம் என்று நினைத்து வாங்கிக்கொண்டு போனாள்.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மேசையில் நாற்பது கடிதங்களை அடுக்கும்போது பதினான்கு மாடியை எடுத்துத் தனியாகப் பையின் முன்பக்கம் வைத்தாள். பதிவுத் தபாலுக்கு மூன்று நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆள் இல்லையென்றால் அறிவிப்புச் சீட்டு போட வேண்டும். மூன்றாம் நாள் உறையின் மேல் காரணம் எழுத வேண்டும். காரணம் இரண்டு மாதிரி. ‘பூட்டு’ என்று எழுதினால் தபாலாபீசில் ஏழு நாள் வைத்திருப்பார்கள், உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம். ‘குடியில்லை’ என்று எழுதினால் அன்றைக்கே அனுப்பினவருக்குத் திரும்பிவிடும். அவள் இரக்கக்காரி, வீட்டைக் காலி செய்துகொண்டு சொல்லாமல் போனவர்களுக்குக்கூட ‘பூட்டு’ என்றுதான் எழுதுவாள். ‘குடியில்லை’ என்று எழுதினால் அந்த வீட்டுக்காரர்களைத் தெருவிலிருந்தே அழித்த மாதிரி இருக்கிறது என்பாள்.

பத்து இருபதுக்குப் பதினாறு படி ஏறினாள். மூன்று தடவை தட்டினாள். மூத்தார் பேரை முழுசாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். உள்ளே புறாக்கள் இறக்கையை அடித்துக்கொண்டன. சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு இறங்கினாள்.

சலவைக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “யாரும் இல்லாத வீட்டை எதுக்கு இந்தத் தட்டு தட்டுற?”

“குடியிருக்காங்களாம்ண்ணே.”

“யாரு, புறாவா?”

புதன்கிழமையும் அதே மாதிரி ஏறினாள், தட்டினாள், கூப்பிட்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் பல்லில் சிக்கியிருந்தது ஒன்று எடுபடுகிற மாதிரி ஒரு சுகம் இருந்தது. முதல் சீட்டு செருகின இடத்திலேயே இருந்தது. இரண்டாவதை அதன் மேலேயே செருகினாள். கீழே துணி வாங்க நின்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். தையல்காரி தன் கைக்குட்டையால் தபால்காரியின் தோள்பட்டையில் ஒட்டியிருந்த புறா இறகை எடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நேத்து அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்” என்றான். தபால்காரி தலையை வாரிக்கொண்டிருந்தாள். வாரி முடித்து, ஊசி குத்தி, அப்புறம்தான் பேசினாள். “நல்லது. வரட்டும்.”

அவள் போகும்போது கார் சலவைக்கடையை மறித்துக்கொண்டு நின்றது. ஓர்ப்படி மேலே கதவுக்கு முன்னால் நின்றாள். கையில் சாவி. கசங்காத சேலையில் அதற்குள் படிக்கட்டுக் கைப்பிடியின் துரு கோடு போட்டிருந்தது. தபால்காரியைப் பார்த்ததும் பழைய சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“வந்துட்டியா, குடு. கையெழுத்துப் போடறேன்.”

“கதவைத் திறந்து உள்ள இருந்து வாங்கிக்குங்க அக்கா.”

“நானே இங்க நிக்கறேன், கதவு எதுக்கு?”

“படியில நிக்கறவங்களுக்குக் குடுக்க முடியாது. குடியிருக்கிறவங்களுக்குத்தான் குடுக்கணும்.”

ஓர்ப்படி சாவியைப் பூட்டில் போட்டுத் திருகினாள். அது அசையவில்லை. மூன்று வருஷம் மழையும் வெயிலும் தின்ற பூட்டு. இடக்கையால் திருகினாள், இரண்டு கையாலும் திருகினாள். கீழே ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. “எண்ணெய் வேணுமாம்மா? மெஷின் எண்ணெய் இருக்கு” என்று தையல்காரி மரியாதையாகக் கேட்டாள். “தினமும் திறந்து மூடற பூட்டாச்சே, எண்ணெய் எதுக்கு” என்றார் முடிதிருத்துகிறவர். தபால்காரி பையைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்து, பக்கத்தில் நின்று பொறுமையாகக் காத்திருந்தாள். அவசரமே இல்லை என்ற மாதிரி நின்றாள். அந்தப் பொறுமைதான் ஓர்ப்படிக்குப் பொறுக்கவில்லை. ஆத்திரத்தோடு ஒரு திருகு திருகினாள். சாவி பாதி கையில் வந்தது, பாதி பூட்டிலேயே நின்றது.

தபால்காரி உறையைச் சுவரில் வைத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

ஓர்ப்படிக்கு அப்போதுதான் குரல் இறங்கிற்று. “பூட்டுன்னு எழுதிடு. அது பொய்யில்லையே, பூட்டித்தானே இருக்கு. நாளைக்கு ஆபீசுல வந்து வாங்கிக்கறேன். குடியில்லைன்னு எழுதினா உனக்கும்தான் வேலைக்கு ஆபத்து. பொம்மையும் உன் பொண்ணு மாதிரிதானே?”

பேனா ஒரு கணம் நின்றது உண்மை. பொம்மை நீட்டின தண்ணீர்த் தம்ளர் நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னாலேயே, மாமியார் செத்த வீட்டில் சுவரோரம் நின்றதும் வந்தது. இந்தக் கதவுக்கு உள்ளேதான், இதே கூடத்தில்தான் அது நடந்தது.

குடியில்லை என்று எழுதினாள். எப்போதும் கிறுக்குகிறவள், ஒவ்வோர் எழுத்தையும் பிள்ளைகள் நோட்டில் எழுதுவது மாதிரி நிறுத்தி எழுதினாள். கீழே கையெழுத்து, தேதி, நேரம். உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு படி இறங்கினபின் திரும்பினாள்.

“பாடம் எங்க படிச்சாலும் பாடந்தானே அக்கா.”

சத்தமாகச் சொல்லவில்லை. கீழே நின்றவர்கள் ஒருத்தரும் சிரிக்கவுமில்லை. வழிவிட்டார்கள்.

சாயங்காலமே போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டுவிட்டார். அவள் எதிர்பார்த்ததுதான். குடியில்லாத வீட்டுக்கு இரண்டு வருஷம் தபால் எப்படிப் போயிற்று என்று கேட்டார். தபால்காரி எதையும் மறைக்கவில்லை. “ரெண்டு வருஷம் பொய்யாக் குடுத்தேன், மூணு நாள் நிஜமாக் குடுத்தேன். எதுக்குத் தண்டனைன்னு நீங்களே பார்த்து எழுதிக்குங்க ஐயா” என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். விசாரணை ஒரு மாதம் நடந்தது. வேலை போகவில்லை. வரவேண்டிய பதவி உயர்வு வராது, பழைய பீட்டும் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. பதினெட்டு வருஷம் சுற்றின தெருக்களை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு மட்டும் அழுதாள்.

எறும்பு நாற்பதாவதாகப் பெரிய பள்ளிக்கூடத்துக்குள் போனாள். முதல் நாள் தன்னைவிடப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு மதிலுக்குள் நுழைந்தவள் திரும்பியே பார்க்கவில்லை. மூத்தவன் தம்பியோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். மெக்கானிக் பல நாள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். பொம்மையை வேறு ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காரில் போய்க் காரில் வந்தது.

தண்டனையாகக் கொடுத்த புது பீட்டு பாலத்துக்கு அந்தப் பக்கம். போஸ்ட்மாஸ்டர் தெரிந்து கொடுத்தாரா தெரியாமல் கொடுத்தாரா என்பதை யாரும் கேட்கவில்லை. மேசையில் தபால் பிரிக்கும்போது டைல்ஸ்காரர் வீட்டு எண் வந்தால் தபால்காரி அதைப் பையின் முன்பக்கம் வைப்பாள். அந்த வீட்டுக்குப் பதிவுத் தபால் வராத வாரம் கிடையாது. வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியை அடித்து, அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறக்கிற மாதிரி கூப்பிடுவாள்: “இந்த வீட்டுல குடியிருக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?”

ஓர்ப்படி வந்துதான் ஆக வேண்டும். வந்து, தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். தபால்காரி அவள் கையெழுத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பாள்.

ஒரு நாள் பொம்மை வந்து கதவைத் திறந்தது. அம்மா குளிக்கிறாள் என்றது. உருண்டை உருண்டையாகக் கையெழுத்துப் போட்டது. சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, “எறும்பு எந்த பெஞ்சுல உக்காந்திருக்கா சித்தி?” என்று கேட்டது.

“மூணாவது” என்றாள் தபால்காரி. அந்தத் தெருவை முடிக்க அன்றைக்கு வழக்கத்தைவிட நேரமாயிற்று. இரண்டு வீட்டுத் தபால் மாறிப்போய்விட்டது, திரும்பப் போய் மாற்றிக் கொடுத்தாள்.

மறுவாரமும் பதிவுத் தபால் வந்தது. வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். மணியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, எப்போதையும்விடச் சத்தமாக அடித்தாள்.